ஆமென் வந்தால்தான் கை அசையும்

எங்கள் சபையில் என் சொந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால், "அப்படி யாரும் இங்கே இல்லையே" என்பார்கள். ‘ஆமென்’ என்று கேட்டுப் பாருங்கள், கைக்குழந்தைகூட மூன்றாவது வரிசையைக் காட்டும். போதகர் ஜெபித்து முடித்ததும் நான் போடும் ஆமெனில் ஜன்னல் கண்ணாடி அதிரும். மின்விசிறி தன் பாட்டுக்கு ஒரு சுற்று கூடுதலாகச் சுற்றும். கண்ணசந்திருக்கும் பெரியவர்கள் காணிக்கைப் பை வந்துவிட்டது என்று நினைத்துச் சட்டைப் பையைத் தடவுவார்கள். என் மனைவி இதில் ஒன்றைக்கூட ஒப்புக்கொள்ள மாட்டாள். அவள் தையல்காரி, துணி அளப்பவள். நான் ஓய்வு பெற்றவன், கதை அளப்பவன். எங்கள் குடும்பம் அப்படித்தான் ஓடுகிறது.

ஆனால் அந்தப் பெயர் சபையில் வைத்ததில்லை. கட்டட வேலையில் வந்தது.

நான் கிரேன் சிக்னல்காரனாக இருந்தேன். வானத்தைத் தொட்டுக்கொண்டு நிற்கும் கிரேனின் உச்சியில் ஒரு கண்ணாடிக் கூண்டு இருக்கும். அதில் ஓட்டுநர் உட்கார்ந்திருப்பார். பாரத்தைத் தூக்குபவர் அவர்தான். ஆனால் அது எங்கே இறங்குகிறது என்று பல சமயம் அவருக்கே தெரியாது. சுவர் மறைக்கும், தூண் மறைக்கும். கீழே நிற்கும் சிக்னல்காரன் கையை அசைத்தோ வாக்கி டாக்கியில் பேசியோ வழி சொல்ல வேண்டும். "ஏத்து, ஏத்து, நிறுத்து, கொஞ்சம் இடது, இறக்கு." இப்படியே அண்ணாந்து பார்த்துப் பார்த்து என் பிடரியில் ஒரு மடிப்பு விழுந்துவிட்டது. அதில் பென்சிலே சொருகி வைக்கலாம்.

எனக்கு வாய்த்த ஓட்டுநர் பெயர் கொக்கு. ஆள் அவ்வளவு ஒல்லி, அவ்வளவு உயரம். கழுத்து மட்டுமே ஒரு முழம். கொக்கியை ஆட்டுகிறவனுக்குக் கொக்கு என்று பெயர் வைத்த புண்ணியவான் யாரென்று தெரியவில்லை. நான்தான் என்று கொக்கு சொல்கிறான்.

ஆரம்பத்தில் நாங்களும் எல்லாரையும் போல பேசி முடித்தாயிற்று என்பதற்கு ஒவ்வொரு சொல்லுக்கும் முடிவில் ‘ஓவர்’ என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தோம். ஒருநாள் செங்கல் அடுக்கிய பலகை ஒன்று மேலே தொங்கியது. நான், "கொஞ்சம் இறக்கு, ஓவர்" என்றேன். வாக்கியின் இரைச்சலில் கொக்கின் காதில் விழுந்தது, "கொஞ்சம் இறக்கு, ஓரம்." அவனும் சொன்ன பேச்சுக் கேட்கும் பிள்ளை, பலகையை ஓரமாகக் கொண்டுபோய் அழகாக இறக்கினான். ஓரத்தில் இருந்தது தகரக் கழிப்பறை. செங்கல் அதன் கதவை அடைத்துக்கொண்டு உட்கார்ந்தது. உள்ளே எஞ்சினியர்.

அவர் உள்ளிருந்து போட்ட சத்தத்தில் அடுத்த தெருவில் பள்ளிக்கூடமே விட்டுவிட்டார்கள் என்றால் நீங்கள் நம்பவேண்டும்.

வெளியே வந்ததும் மனிதர் கையை நீட்டிச் சொன்னார்: "இனிமே இந்த சைட்ல ஓவர்ங்கற வார்த்தை என் காதுல விழக் கூடாது! வேற ஏதாவது சொல்லுங்க!"

"சரின்னு சொல்லலாமா சார்?" என்று கேட்டேன்.

"வேணாம்" என்றது வாக்கிக்குள்ளிருந்து கொக்கின் குரல். "இவன் சரின்னா, எனக்குச் சரிச்சுடுன்னு கேட்கும்."

"முடிஞ்சுதுன்னு சொல்லட்டா?"

"யாரு முடிஞ்சாங்கன்னு கீழ எல்லாரும் ஓடிடுவாங்கய்யா."

எனக்கு ஆயுசு முழுக்கப் பழகிய ஒரே முடிவு வார்த்தை வேறு எது? வாய் தவறி, "ஆமென்" என்றேன்.

எஞ்சினியர் எங்கள் மதத்துக்காரர் இல்லை. "அப்படின்னா என்னய்யா அர்த்தம்?" என்றார்.

"‘அப்படியே ஆகட்டும்’னு அர்த்தம் சார்."

அவர் கொஞ்சம் யோசித்தார். "ரொம்பப் பொருத்தமா இருக்கே. எதோடயும் குழம்பாது. ஆமென் வர்ற வரைக்கும் மேல இருக்கறவன் கை அசையக் கூடாது. ஆமென் வந்துட்டா, அப்புறம் கீழ இருக்கறவன் மாத்திப் பேசக் கூடாது. அவ்வளவுதான்."

அன்றிலிருந்து அந்த சைட்டில் எந்தச் சாமியைக் கும்பிடுகிறவனும் ஆமென் சொல்லித்தான் சிமெண்ட் இறக்கினான்.

இப்போது என் கண் கதைக்கு வருகிறேன். அதைச் சொல்லத்தான் இவ்வளவு நீட்டினேன்.

என் இடது கண் இளவயதிலேயே கல்சில்லு பட்டுப் போய்விட்டது. வலது கண் ஒன்றை வைத்துக்கொண்டே இத்தனை கட்டடங்களையும் எழுப்பினேன். ஓய்வு பெற்றபின் அந்த ஒற்றைக் கண்ணுக்கு ஒரே வேலை, என் மனைவி துணி வெட்டுவதைப் பார்த்துக் குறை சொல்வது. ஒரு காலை அப்படிக் குறை சொல்லிக்கொண்டிருந்தபோது, அவள் தலைக்கு மேலிருந்து கறுப்புத் திரை ஒன்று மெல்ல இறங்கியது. "இறக்கு" என்று நான் சொல்லவே இல்லை; அதுவாக இறங்கியது. முதலில் அவள் நெற்றி மறைந்தது, பிறகு மூக்குத்தி, பிறகு வாயும்.

"என்னங்க, ஏன் பேச்சை நிறுத்திட்டீங்க?" என்றாள் அவள். நான் பேச்சை நிறுத்தினேன் என்பதிலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது, ஏதோ பெரிதாக நடந்திருக்கிறது என்று.

கண் டாக்டர் இளவயதுப் பெண்மணி, பொறுமைசாலி. "ஐயா, கண்ணுக்குள்ள விழித்திரைன்னு ஒரு மெல்லிசான ஜவ்வு இருக்கு. சுவர்ல ஒட்டின காகிதம் மாதிரி. உங்களுக்கு அது கழண்டு தொங்குது. ஆபரேஷன் பண்ணி உள்ள ஒரு காற்றுக் குமிழி வைப்போம். அந்தக் குமிழி ஜவ்வை அமுக்கிப் பிடிக்கும். ஆனா குமிழி எப்பவும் மேல்பக்கம்தானே போகும்? அதனால நீங்க முகத்தைக் கீழ பார்த்தமாதிரியே வெச்சிருக்கணும். சாப்பிடும்போது, உட்காரும்போது, தூங்கும்போது, எப்பவும். அண்ணாந்து பார்க்கவே கூடாது."

என் மனைவி குலுங்கிச் சிரித்துவிட்டாள். பயத்தில் வந்த சிரிப்பு. "டாக்டரம்மா, ஆயுசு பூரா அண்ணாந்து பார்த்தே சம்பளம் வாங்கின மனுஷன்கிட்ட போய் இப்படிச் சொல்றீங்களே!"

"பார்வை வந்துடுமா?" என்று நான் கேட்டேன்.

டாக்டர் பொய் சொல்லத் தெரியாதவர். "முயற்சி பண்ணுவோம் ஐயா. உறுதியா சொல்ல முடியாது. இன்னொரு கண்ணும் இல்லைங்கறதுதான் என் கவலை."

அந்த ஒரு வாக்கியத்தோடு என் வீராப்பெல்லாம் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே நடந்துவிட்டது.

ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்தேன். என் மனைவி இரண்டு பெஞ்சுகளை இடைவெளி விட்டுப் போட்டு, அந்த இடைவெளியில் என் முகம் பொருந்துகிற மாதிரி வட்டத் தலையணை ஒன்று தைத்து வைத்திருந்தாள். அளவு கச்சிதம், மூக்குக்குத் தனியாகக் கொஞ்சம் இடம் விட்டிருந்தாள். "இவ்வளவு பெரிய மூக்குக்குத் துணி பத்தலைங்க" என்றாள். நான் குப்புறப் படுத்துக் கிடந்தேன். கட்டைப் பிரித்த பிறகும் பார்வை என்று ஒன்றும் இல்லை. பால் நிறைந்த டம்ளருக்குள் விழுந்த எறும்பு எப்படிப் பார்க்குமோ அப்படி. திறந்தாலும் வெள்ளை, மூடினாலும் வெள்ளை.

என்னைப் பார்க்க வருகிறவர்கள் முகம் பார்த்துப் பேச வேண்டுமானால் தரையில் படுக்க வேண்டும். சபையே வந்து எங்கள் கூடத்தில் படுத்து எழுந்தது. போதகர் கொஞ்சம் கனத்த சரீரம். அவரும் மரியாதைக்குப் படுத்துவிட்டார். உருக்கமாக ஜெபித்தார். ஆனால் எழுந்திருக்க முடியவில்லை. என் மனைவியும் பக்கத்து வீட்டுக்காரரும் அவரை ஆளுக்கு ஒரு கையாகப் பிடித்து இழுக்க, பழக்கதோஷத்தில் நான், "ஏத்து, ஏத்து, மெதுவா, வலது பக்கம்" என்று மேலிருந்து சிக்னல் கொடுத்தேன். எல்லாரும் சிரித்தார்கள்.

நானும் சிரித்தேன். ஆனால் போதகரின் ஜெபத்துக்கு நான் ஆமென் சொல்லவில்லை. அதை யாரும் கவனிக்கவில்லை என்றுதான் நினைத்திருந்தேன்.

இந்த இடத்தில் மட்டும் கொஞ்சமும் கூட்டாமல் சொல்கிறேன். நான் ஜெபிக்காமல் இல்லை. "ஆண்டவரே" என்று ஆரம்பிப்பேன். கண்ணைக் கொடும் என்பேன், பயமாக இருக்கிறது என்பேன், அவளுக்குப் பாரமாகிவிடக் கூடாது என்பேன். எல்லாம் சொல்லி முடித்துக் கடைசி வார்த்தைக்கு வரும்போது நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். எனக்கு ஆமென் என்பது வெறும் முற்றுப்புள்ளி இல்லை. ‘நான் சொல்லிவிட்டேன், இனி உம் கை அசையட்டும், மாற்றிப் பேசமாட்டேன்’ என்று அதற்கு அர்த்தம். அவர் கை எந்தப் பக்கம் அசையுமோ? இருட்டுப் பக்கம் அசைந்துவிட்டால்? அந்தப் பயத்துக்கும் அடியில் அதைவிடக் குளிர்ந்த ஒன்று படுத்திருந்தது. இவ்வளவு கூப்பிட்டும் பதிலே இல்லையே, மேலே கூண்டில் ஆள் இருக்கிறாரா? அல்லது இத்தனை வருஷமும் காலிக் கூண்டைப் பார்த்துத்தான் கத்திக்கொண்டிருந்தேனா?

காலிக் கூண்டுக்கு யாராவது ஆமென் சொல்வார்களா?

ஒருநாள் என் மனைவி தையல் இயந்திரத்தை மிதித்துக்கொண்டே கேட்டாள். "ஏங்க, நீங்க ஜெபம் பண்றது கேட்குது. முடிக்கறது மட்டும் கேட்கமாட்டேங்குதே?"

"மெதுவா முடிக்கிறேன்."

"நீங்களா? மெதுவாவா?" மிதி நின்றது. "கல்யாணத்தன்னிக்கு நீங்க சொன்ன ஆமென்ல என் காது அடைச்சு, போதகர் கேட்ட கேள்விக்கே நான் தப்பா பதில் சொன்னேன். என்கிட்டயே கதையா?"

முகத்தைத் தலையணைக்குள் அமுக்கிக்கொண்டேன். அவளும் மேலே தோண்டவில்லை. மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பிறகு தொலைபேசி எண்ணை அழுத்தும் சத்தம்.

மறுநாள் சாப்பாட்டு நேரம் தாண்டி கொக்கு வந்தான். அவனும் எங்கள் சபைதான். ஆனால் பின்னாலிருப்பவர்களுக்கு மறைக்கும் என்பதால் எப்போதும் கடைசி வரிசை. சபையில் அவன் குரலை யாரும் கேட்டதில்லை.

"தங்கச்சி, எங்க அந்த அரைக்கண்ணன்?"

"அதோ, தரையைக் காவல் காத்துட்டிருக்காரு அண்ணே."

மடக்கிய அளவுகோலைப் பிரிப்பதுபோல அவன் பகுதி பகுதியாகத் தரையில் படுத்தான். தலை என் முகத்துக்கு நேர் கீழே. கால்கள் அநேகமாகத் தெருவில். வெள்ளைப் பாலுக்குள் ஒரு கறுப்புத் திட்டு ஆடியது. அதுதான் அவன் முகமாக இருக்க வேண்டும்.

"டேய் ஆமென், பார்த்தியா? நீ மேல, நான் கீழ. முதல் தடவை."

"கிண்டல் பண்ணத்தான் வந்தியா?"

"பின்னே, பாட்டுப் பாடவா? தங்கச்சி சொல்லுச்சு, நீ ஆமென் சொல்றதில்லைன்னு. மருந்து எதுக்காவது ஒத்துக்காதா?"

வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும் என்றுதான் நினைத்தேன். ஆனால் முகத்துக்கு நேராக ஒருவன் படுத்துக்கொண்டு மூச்சு விடும்போது எவ்வளவு நேரம் மூடிக்கொண்டிருக்க முடியும்? எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். "கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை வறண்டுபோச்சுடா. பதிலே இல்ல. மேல யாராவது இருக்காங்களான்னே சந்தேகமா இருக்கு. யாரைப் பார்த்து ஆமென் சொல்லச் சொல்றே?"

கொக்கு காலைத் தெருவிலிருந்து உள்ளே இழுத்துக்கொள்ளும் சத்தம் கேட்டது. பிறகு, "மூடுபனி வந்த நாள் ஞாபகம் இருக்கா?" என்றான்.

மறக்குமா? ஜன்னல் கண்ணாடிக் கட்டு ஒன்றை உச்சி மாடிக்குத் தூக்கிக்கொண்டிருந்தோம். பாதியில் ஒரு மூடுபனி வந்தது பாருங்கள், கத்தரிக்கோல் கொண்டு வெட்டி எடுக்கலாம் போல. கிரேன் மறைந்தது, கட்டடம் மறைந்தது, என் கையே எனக்கு மறைந்தது. "நிறுத்து" என்று சொல்ல வாக்கியை வாயருகே கொண்டுபோனேன். ஈரக் கை. வழுக்கிக்கொண்டு நேராகப் பச்சைக் கான்கிரீட்டுக்குள் விழுந்து முழுகிவிட்டது. இன்றைக்கும் அந்தக் கட்டடத் தரையில் காதை வைத்தால் ‘கர்ர்’ என்று கேட்கும். இன்னொரு வாக்கி எஞ்சினியரிடம் இருந்தது. அவர் அன்று விடுமுறை.

"ஞாபகம் இருக்கு" என்றேன்.

"கையசைச்சா தெரியாது. கத்தினா கேட்காது. நான் மேல தனியா, கொக்கியில அவ்வளவு கண்ணாடி. வாக்கியில ‘ஆமென், ஆமென்’னு நான் எவ்வளவு கத்தியிருப்பேன் தெரியுமா? கீழயிருந்து ஒரு பதில் இல்ல. அப்போ நான் என்ன நெனச்சேன்னு நெனைக்கறே?"

"என்னைத் திட்டியிருப்பே."

"அது முதல்ல. அப்புறம் நெனச்சேன், பேட்டரி போயிருக்கும். இல்ல, வாக்கி உடைஞ்சிருக்கும். உன் வாய் மூடறதுக்கு வேற காரணமே கிடையாதே! ஆனா ஆள் இல்லாம போயிட்டான்னு மட்டும் ஒரு நிமிஷம்கூட நெனைக்கலடா."

"ஏன்?"

"அதுக்கு முன்னாடி எத்தனை வருஷம் பேசியிருக்கே! ஒரு தடவையாவது என் கொக்கியை எதுலயாவது முட்ட விட்டிருக்கியா?"

"கழிப்பறை..."

"அது ஓவர் பண்ணின வேலை, உன்னைச் சேர்ந்ததில்ல."

என் மனைவி களுக்கென்று சிரித்தாள். அவள் தைப்பதை நிறுத்தி வெகுநேரம் ஆகியிருக்க வேண்டும்.

"பயமா இல்லையாடா உனக்கு?" என்று கேட்டேன். இத்தனை வருஷத்தில் அவனிடம் கேட்டதே இல்லை.

"பயமாவா? பல்லு தந்தி அடிச்சுது. கூண்டு ஆடுது, கீழ ஒண்ணும் தெரியல, பாட்டில் தண்ணியை வாய்க்குக் கொண்டுபோனா மூக்குல போகுது. பயந்துகிட்டேதான் லீவரை அசையாம பிடிச்சிருந்தேன். பயந்தவன் கையை விட்டுடணும்னு எங்கயாவது சட்டம் இருக்கா?"

"அப்படிச் சட்டமெல்லாம் இல்லைடா" என்றேன்.

"அப்புறம் என்ன ஆச்சு, நீயே சொல்லு" என்றான்.

எனக்கு உயரம் என்றால் ஆகாது. ஸ்டூலில் ஏறி விளக்கு மாட்டச் சொன்னால்கூட என் மனைவிதான் ஏறுவாள். நான் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வேன். அதனால்தான் சிக்னல்காரன் ஆனேன், தரையிலேயே நிற்கலாம். ஆனால் அன்று அவன் மேலே தனியாக இருக்கிறான், என் குரல் போகவில்லை. கிரேனின் இரும்பு ஏணியில் ஏறினேன். கை ஏணியைப் பிடித்ததா, ஏணி என் கையைப் பிடித்ததா தெரியாது. ஏறினேன், ஏறினேன். நடுவில் மேகங்கள் என்னைப் பார்த்து வணக்கம் சொல்லின. ஒரு பருந்து என் தோளில் உட்கார்ந்து இளைப்பாறியது. கடைசியில் கூண்டுக் கதவைத் தட்டினேன். சொல்ல வேண்டியது நிறைய இருந்தது: பாரம் எதிலும் முட்டவில்லை, அப்படியே பிடி, பனி விலகட்டும் என்று. மூச்சு இருந்தால்தானே? இருந்த மூச்சுக்கு ஒரே வார்த்தைதான் வந்தது.

"ஆமென்னு சொல்லிட்டு உன் கால்மாட்டுல விழுந்தேன்" என்றேன்.

"விழுந்தே. பனி விலகற வரைக்கும் என் பக்கத்துலயே உட்கார்ந்திருந்தே. கண்ணை இறுக்கி மூடிக்கிட்டு, என் கால்சட்டையைப் பிடிச்சுக்கிட்டு. உன்னால அங்க ஒரு பிரயோஜனமும் இல்ல. ஆனா அதுக்கப்புறம் என் பல்லு ஆடல." கொக்கு என் பெஞ்சுக் காலைத் தட்டினான். "இப்போ கேளு. அவ்வளவு நேரம் நீ பேசலையே, ஏன்?"

"வாக்கி கான்கிரீட்டுல..."

"அது ஆரம்பத்துல. அதுக்கப்புறம்?"

"ஏறிட்டிருந்தேன்டா."

"அதான். நீ என்கிட்ட வந்துட்டிருந்தே. எனக்குக் கேட்டதெல்லாம் வெறும் சத்தமில்லாமைதான். ஆனா அந்த நேரம் பூரா நீ ஒவ்வொரு படியா கிட்ட வந்துட்டிருந்தே. டேய், நீ என்னவோ உன்னைச் சிக்னல்காரன்னும், ஆண்டவரை மேல இருக்கற ஓட்டுநர்னும் நெனச்சுட்டிருக்கே. இந்தத் தடவை கூண்டுல மாட்டிக்கிட்டவன் நீ. பனி உன் கண்ணுக்குள்ளயே இருக்கு. உயரம்னா நடுங்கற நீயே எனக்காக ஏறி வந்தியே. அவர் வரமாட்டாரா?"

சபையில் ஒரு வார்த்தை பேசாதவன், தரையில் படுத்துக்கொண்டு இவ்வளவையும் பேசிவிட்டான்.

எனக்குக் குரல் எதுவும் கேட்கவில்லை. வெளிச்சம் எதுவும் தெரியவில்லை. பால் பாலாகவே இருந்தது. ஆனால் அந்த அமைதி இப்போது வேறு மாதிரி இருந்தது. காலியாக இல்லை. யாரோ ஏணியில் ஏறிக்கொண்டிருக்கும்போது கம்பியில் கை வைத்தால் லேசாக ஓர் அதிர்வு வருமே, அந்த மாதிரி.

"ஆண்டவரே" என்றேன். "கண்ணு வருமான்னு தெரியல. வரணும்னு ரொம்ப ஆசை. பயம் இன்னும் போகல. ஆனா நீங்க இருக்கீங்க. வந்துட்டே இருக்கீங்க. நான் லீவரை விடமாட்டேன். கண்ணு வந்தாலும் வராட்டியும் மாத்திப் பேசமாட்டேன்."

நாக்கு ஒட்டிக்கொள்ளப் பார்த்தது. பிடுங்கி எடுத்தேன்.

"ஆமென்!"

தலையணை அதிர்ந்தது. ஊசிப் பெட்டி கவிழ்ந்தது. பக்கத்து வீட்டிலிருந்து யாரோ பதிலுக்கு "ஆமென்" என்றார்கள். அவர்கள் எந்தச் சபைக்கும் போகாதவர்கள்.

"டேய்" என்றான் கொக்கு கீழிருந்து. "மூஞ்சியில என்னமோ சொட்டுதுடா."

"கண் மருந்து" என்றேன்.

"மருந்து உப்புக் கரிக்குமா?"

என் மனைவி புடவைத் தலைப்பால் முதலில் அவன் முகத்தைத் துடைத்தாள், பிறகு என் முகத்தை, கடைசியில் தன் முகத்தை.

அதன் பிறகு பயம் ஓடிப்போய்விட்டது என்று சொன்னால் அது நான் அளக்கும் கதைகளிலேயே பெரிய கதையாகிவிடும். பயம் இருந்தது. தினமும் காலையில் எனக்கு முன்பே எழுந்து உட்கார்ந்திருக்கும். ஆனால் நான் ஒவ்வொரு ஜெபத்தையும் முழுசாக முடித்தேன். ஆமென் போட்டேன். தெருவில் போகிறவர்கள் திடுக்கிட்டார்கள்.

குமிழி மெல்லக் கரையத் தொடங்கியது. இனிமேல் தலையை நிமிர்த்தலாம் என்றார் டாக்டர். கண்ணுக்குள் பாதி பாலும் பாதி கலங்கலுமாக, நடுவில் ஒரு கோடு, தலையை ஆட்டினால் ஆடியது. கட்டட வேலைக்காரன் கண்ணுக்குள் ஆண்டவர் சமன் பார்க்கும் ரசமட்டம் வைத்துவிட்டார் என்று எல்லாரிடமும் பெருமையடித்துக்கொண்டேன். ஆனால் ஜவ்வு ஒட்டியதா இல்லையா என்று குமிழி முழுக்கப் போனால்தான் தெரியும்.

குமிழி முழுக்கப் போகும் என்று டாக்டர் குறித்த நாளில், கலங்கல் இன்னும் தெளியாத கண்ணோடு பரிசோதனைக்குப் போகும் வழியில், காருக்குள் என் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டாள். துணி வெட்டி வெட்டிக் காய்த்த விரல்கள். "வரலைன்னா என்னங்க பண்றது?"

"நீ சிக்னல் குடு, நான் நடக்கிறேன். ஓவர்னு மட்டும் சொல்லிடாதே."

"ஓரமா கொண்டுபோய் விட்டுடுவேன்னு பயமா?" என்றாள். இரண்டு பேருமே சிரித்தோம். இரண்டு பேர் கையும் வேர்த்திருந்தது.

டாக்டரின் அறையை இருட்டாக்கினார்கள். முகவாயைத் தாங்கியில் வைக்கச் சொன்னார்கள். சொட்டு மருந்து விட்டார்கள். ஒரு வெளிச்சம் வந்தது, போயிற்று. டாக்டர் எதுவும் பேசவில்லை. வெகுநேரம் பேசவில்லை. ஏணியில் ஏறுகிறார், ஏறுகிறார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பிறகு விளக்கைப் போட்டார்கள். சுவரில் எழுத்துப் பலகை இருந்திருக்கிறது, ஆனால் எழுத்துப் பக்கம் சுவரைப் பார்த்துத் திரும்பியிருந்தது. டாக்டர் அதைத் திருப்பச் சொல்லி நர்ஸிடம் கையை உயர்த்தி, ஆள்காட்டி விரலை வானத்துக்கு நீட்டி, சின்னதாக ஒரு வட்டம் போட்டார்.

உலகத்தில் எந்த நாட்டு சைட்டிலும் அந்தச் சைகைக்கு ஒரே அர்த்தம்தான்.

"ஏத்து!" என்று கத்தினேன். "மெதுவா ஏத்து! ஆமென்!"

நர்ஸ் கையிலிருந்த தட்டைக் கீழே போட்டுவிட்டார். டாக்டர் விரலை உயர்த்தியபடியே சிலையாக நின்றார். நான் எதற்குக் கத்துகிறேன் என்று அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளங்கியது ஒருத்திக்குத்தான். என் மனைவி நாற்காலியிலிருந்து எழுந்து வந்து என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"தெரியுதாங்க? விரல் தெரியுதா?"

"விரல் தெரியுது. நகம் தெரியுது. நகத்துல டாக்டரம்மா போட்ட கலர் தெரியுது. உன் மூக்குத்தி தெரியுது. அடியே, நீ இவ்வளவு அழகா இருந்தியா? யாராவது முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா?"

"போதும், டாக்டர் இருக்காங்க" என்றாள். ஆனால் கையை எடுக்கவில்லை.

டாக்டர் மறுபடி ஒருமுறை கண்ணைப் பார்த்தார். "ஒட்டிடுச்சு ஐயா. ரொம்ப நல்லா ஒட்டியிருக்கு. நேர்க் கோடெல்லாம் கொஞ்சம் வளைஞ்சு தெரியும். போகப் போகச் சரியாகலாம், ஆகாமலும் இருக்கலாம்" என்றார். பிறகு தயங்கி, "அது என்ன ஐயா, ஏத்து?" என்று கேட்டார்.

சொன்னேன். கழிப்பறையிலிருந்து ஆரம்பித்தேன். வெளியே காத்திருந்த நோயாளிகள் எல்லாம் உள்ளே வந்து நின்று கேட்டார்கள். சிலருக்குக் கண் நோய் அங்கேயே குணமாகிவிட்டது என்று கேள்வி.

அந்த ஞாயிற்றுக்கிழமை சபைக்குப் போனேன். எல்லாம் தெரிந்தது, எல்லாமே கொஞ்சம் வளைந்து தெரிந்தது. வாசற்படி நெளிந்தது. தூண்கள் இடுப்பை ஒசித்து நின்றன. முன்னால் மரச் சிலுவை லேசாக ஒரு பக்கம் சாய்ந்து, என்னை எட்டிப் பார்ப்பது போலிருந்தது. நான் அதற்குச் சிக்னல் கொடுக்கவில்லை. அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

போதகர் நன்றி செலுத்தி ஜெபித்தார். நீளமான ஜெபம், நடுவில் இரண்டு பருவகாலங்கள் மாறின. கடைசியில் "பிதாவே" என்று முடித்து நிறுத்தினார். யாரும் ஆமென் சொல்லவில்லை. கைக்குழந்தைகூட என்னைத்தான் பார்த்தது. இவ்வளவு நாள் பூட்டியிருந்த சப்தம் முழுவதையும் அடிவயிற்றிலிருந்து எடுத்து, கூரையைப் பார்த்து, நன்றாக அண்ணாந்து போட்டேன்.

கூரை நகர்ந்ததா இல்லையா என்பதை என் மனைவியிடம் கேட்காதீர்கள். திரும்பிப் பார்த்தேன். கடைசி வரிசையில், எல்லாத் தலைகளுக்கும் மேலே, ஒரு நீண்ட ஒல்லிக் கை அங்கே இல்லாத ஒரு லீவரைப் பிடித்து, மெதுவாக, மிக மெதுவாக இழுத்துக்கொண்டிருந்தது.